படகுக்கடியில் உறங்கியவன்

ஏழாந்துறைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் வான்மதிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

அவளை அறிந்தவர்கள் இதை நம்பியிருக்க மாட்டார்கள். கோயம்புத்தூரில் பம்புசெட் செய்யும் நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. சுழல்தண்டின் விட்டம் மயிரிழை கூடினாலும் 'திருப்பி அனுப்புக' என்று எழுதுவாளே தவிர, அதற்காக ஒருவரையும் அதட்டியதில்லை. இருமல் வந்தால்கூட அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் இருமுவாள். அப்படிப்பட்டவள் சில திங்கட்கிழமைகளில் குரலின்றி, தோள் கடுத்து, புறங்கையில் எப்போது பட்டதென்று தெரியாத ஒரு சூட்டுக் காயத்தோடு எழுந்தாள். கூடவே, எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு நிறைவும் இருந்தது. அது ஏறக்குறைய அடுத்த விளையாட்டு வரை தாங்கியது.

காரணம் தெரியாத நல்ல விளைவும் அவள் தொழிலில் ஒரு குறைதான்.

ஏழாந்துறை என்பது ஊரன்று, விளையாட்டு. உடுமலைக்குத் தெற்கே மூடிக்கிடந்த நூற்பாலை ஒன்றைப் பெயரில்லாத ஏதோ ஒரு நூற்றாண்டின் துறைமுகமாக மாற்றியிருந்தார்கள். கடல் ஒலிபெருக்கியில் இருந்தது. சுற்றிலும் சுழலும் காற்றாலைகளைத் தென்னந்தட்டிகள் மறைத்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலை முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை வரை, தணிக்கையாளர்களும் பல் மருத்துவர்களும் பள்ளி ஆசிரியைகளும் அங்கே சுங்கக்காரர்களாகவும் மீன்காரிகளாகவும் கடற்கொள்ளையராகவும் வாழ்ந்தார்கள். வேடம் போடுவது எளிது. கலையாமல் இருப்பதுதான் பாடு. முன்பெல்லாம் கொள்ளையர் கரையிறங்கும் நேரம் பார்த்து யாராவது ஒருவர் செல்பேசிக்குச் சார்ஜர் கேட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடுவார். காதுப்பொட்டு வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது.

"தெரிஞ்சதுன்னாலும் ஒவ்வொரு தடவையும் சொல்லியாகணும்ங்க, விதி," என்றாள் பர்வீன். விளையாட்டை நடத்துபவள், பொள்ளாச்சிக்காரி. ஒவ்வோர் ஆட்டக்காரரையும் தனியறையில் சந்தித்துத் தன் கையாலேயே பொட்டைக் கொடுப்பாள். அது நெற்றிப்பொட்டு அளவில், காதுக்குப் பின்னால் ஒட்டுவது. "இது உங்க சொந்தக் கதையை அழிக்காதுங்க. நாக்கு நுனியில நிக்கற பேரு மாதிரி அது பாட்டுக்கு நிக்கும். தேடணும்னு மட்டும் தோணாது. வெளி உலகச் சொல்லு ஏதாவது காதுல பட்டா, பஸ்ஸு, பேங்க்கு, கரண்ட் பில்லுன்னு, பாஷை தெரியாத ஊர் ஸ்டேஷன்ல அறிவிப்புக் கேக்கற மாதிரி வழுக்கிட்டுப் போயிரும். கழட்டினீங்கன்னா உள்ள நடந்ததெல்லாம் கனா. பல்லு விளக்கறதுக்குள்ள காணாமப் போயிரும்."

"அது ஏன் காணாமப் போகணும்?" என்று வான்மதி கேட்டாள். இதுவரை கேட்டதில்லை.

பர்வீன் நிமிர்ந்து பார்த்தாள். "நின்னா வம்புங்க. உள்ள ஒருத்தரை ஒருத்தர் குத்தறாங்க, ஏமாத்தறாங்க, காதலிக்கறாங்க. அதைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போனா யாரு பதில் சொல்றது? அதனாலதான் தனித்தனி ரூம், தனித்தனி நேரம். யாரு கூட விளையாடறீங்கன்னு வெளிய முகம்கூடத் தெரிய வேண்டாம்."

வெளியேற விரும்பினால் காதுமடலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பொட்டு அணைந்துவிடும். தொடக்கத்தில் இதற்குத் தலையில் கை வைப்பதையே அடையாளமாக வைத்திருந்தார்கள். மீன் விலைபோகாத கவலையில் தலையில் கைவைத்தவர்களெல்லாம் ஆட்டத்தை விட்டு விலகியவர்களாகக் கருதப்பட்டதில், முதல் நாள் நண்பகலுக்குள் பாதித் துறைமுகம் காலியாகிவிட்டது. பிறகு மாற்றினார்கள்.

"அப்புறம், இதுதாங்க கடைசி," என்றாள் பர்வீன். "மில்லை வித்தாச்சு. அடுத்த மாசம் இடிக்கறாங்க, அபார்ட்மெண்ட் வருது. வேற இடம் தேடிப் பாத்தேன், அமையல. நல்லா விளையாடுங்க."

பர்வீன் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் வான்மதி கைப்பையிலிருந்து வெள்ளைப் பிளாஸ்திரியை எடுத்தாள். சிறு துண்டாக வெட்டிக் காதுக்குப் பின்னால் ஒட்டி, அதன்மேல் பொட்டை ஒட்டினாள். உடற்சூடு பட்டுப் பொட்டு பச்சையாக ஒளிர்ந்தது. ஆனால் தோலைத் தொடவில்லை. தன் வாழ்வில் அவள் தெரிந்தே மீறிய முதல் விதி இது. அந்த நிறைவு எங்கே உற்பத்தியாகிறதென்று ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்கு மேல் அவளிடம் நியாயம் எதுவும் இல்லை. நாளை மாலைக்குமேல் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

உள்ளே போன பிறகுதான் இடர்ப்பாடு புரிந்தது. பொட்டு தோலில் பட்ட எல்லோருக்கும் தங்கள் ஏழாந்துறைக் கதை நினைவுக்கு வந்திருந்தது. அவளுக்குத்தான் அவள் கதை தெரியவில்லை. மரகதம், இட்லிக்கடைக்காரி என்று முதல்முறை சொல்லிக்கொடுத்தது மட்டும் நினைவிருந்தது. அதன்பின் உள்ளே வளர்ந்ததெல்லாம் பொட்டோடு போயிற்று. ஏழாந்துறையில் போன ஆட்டத்தின் கடைசி நாள் 'நேற்று' ஆகும். நேற்று தான் என்ன செய்தாளென்று அவள் பிறர் வாயிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"என்னடி, கடையைத் திறக்காம மரம் மாதிரி நிக்கறே?" என்று பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த பருத்த பெண் கேட்டாள். சிங்காரி என்று மற்றவர்கள் அழைத்தார்கள். "நேத்துக் கத்துன கத்துல மூளை கழண்டுபோச்சா?"

"ரொம்பக் கத்திட்டேனோ?"

"கலங்கரை விளக்கத்துக்காரரு இறங்கி ஓடியாந்து, எந்தக் கப்பல் மோதுச்சுன்னு கேட்டாரு."

வான்மதி அடுப்பை ஊதுவதுபோல் குனிந்துகொண்டாள். "தப்பு என் பேருலயா?"

"புருஷன் பொஞ்சாதி சண்டையில தப்பை எந்தத் தராசுலடி நிறுக்கறது? அது கெடக்கட்டும். உம் மாப்பிள்ளை முத்திருளன் இன்னமும் படகுக்கடியிலதான் கெடக்கான். கல்யாணமான நாள்லேருந்து அங்கனதான் அவனுக்குப் படுக்கை. குறட்டை தாங்காம நீதான் துரத்திவிட்டேன்னு துறையே பேசுது. இட்லியையாவது கொண்டுபோய்க் குடு."

தனக்குக் கணவன் ஒருவன் இருப்பதை வான்மதி இவ்விதம் அறிந்தாள்.

படகுத்துறை, பஞ்சுக் கிடங்காக இருந்த இடம். கட்டிமுடியாத ஒரு படகு கட்டைகளின்மேல் நிற்க, அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீண்டிருந்தன. இட்லித் தட்டோடு அவள் நெருங்கியதும் கால்கள் மடங்கின. பின் உடல் வந்தது. கடைசியாக, மரத்தூள் படிந்த முகம் வந்தது.

குணசீலன்.

கண் மருத்துவமனை ஒன்றில் பார்வைப் பரிசோதகன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அவள் கணவன். ஒன்பது ஆண்டுகள் இருவரும் ஒரு குறையும் சொல்ல இயலாத தம்பதியாக வாழ்ந்தார்கள். அவள் சமைத்ததை அவன் "நல்லா இருக்கு" என்பான். அவன் தாமதித்தால் அவள் "பரவாயில்லை" என்பாள். திரைச்சீலை வாங்கப் போன கடையில் அவன் தன் தொழிற்பழக்கத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கி, "முதல்ல காட்டினதா, இப்பக் காட்டறதா?" என்று கேட்டான். அவள் "உங்களுக்குப் பிடிச்சது" என்றாள். அவளுக்குப் பிடிக்குமென்று ஊகித்து அவன் ஒன்றை வாங்கினான். இருவருக்குமே பிடிக்காத அந்தப் பழுப்புச் சீலை மணவிலக்கு வரை சன்னலில் தொங்கியது.

அவள் கை காதை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது. அவனுடைய காதுக்குப் பின்னால் பச்சை ஒளிர்ந்தது. அவனுக்கு அவளைத் தெரியாது. தெரியாத ஒருவன் முன்னால் சற்று நேரம் நிற்பதில் தவறில்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

"வந்துட்டியா?" என்றான் முத்திருளன். ஓர் இட்லியை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். "நேத்து மிஞ்சினதைக் கயித்துல கட்டி நங்கூரமாப் போட்டோம். படகு அசையவே இல்ல."

இந்த மனிதனிடமிருந்து இப்படி ஒரு வாக்கியம் வரக்கூடும் என்று யாராவது எழுதிக்கொடுத்திருந்தால் அதையும் வான்மதி திருப்பி அனுப்பியிருப்பாள். அங்கங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். "ஆரம்பிச்சாச்சு," என்று ஒரு வலைக்காரர் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து மடியிலிருந்து பட்டாணியை எடுத்தார். அவர்கள் காத்திருந்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"யோவ்," என்றாள். அச்சொல் வாயில் புதிதாக இருந்தது. தொண்டைக்கு மட்டும் பழகியதாக இருந்தது. "உன் படகு ஏன் அசையலன்னு எங்கிட்டக் கேக்கறியா? மிதக்கற படகுன்னா அசையும். நீ செஞ்சு வெச்சிருக்கறது தொட்டி. மாட்டைக் கூட்டியாந்து தண்ணி காட்டு."

பட்டாணிக்காரர் தொடையில் தட்டினார்.

"வாடி. அடுப்புச் சூட்டுக்கு ஒரு வாய், சட்டிச் சூட்டுக்கு ஒரு வாய், ரெண்டு வாய்டி உனக்கு!"

"உன் வாய்க்கு என் ஒரு வாய் காணாதுய்யா!"

அவள் கத்தினாள். அவன் அதைவிடக் கத்தினான். கத்தக் கத்த, நெஞ்சுக்குள் எத்தனையோ காலமாக அளவு பார்த்துப் பார்த்து அடுக்கிவைத்திருந்த ஏதோ ஒன்று சரிந்து, சரிந்தது நல்லதாகவும் இருந்தது. முடிவில் அவன் இட்லி முழுவதையும் தின்றுவிட்டுத் தட்டை நீட்டினான். அவள் இன்னும் இரண்டு வைத்தாள். கூட்டம் கலைந்தது.

தொண்டை கட்டுவதன் காரணம் தெரிந்துவிட்டது. நிறைவின் காரணமும் தெரிந்துவிட்டது. இரண்டும் ஒன்றாக இருந்ததுதான் அவள் எதிர்பாராதது.

அன்று மாலை வானம் இருண்டு தூறல் விழுந்தது. அவள் படகுத்துறை வாசலில் நின்று, "வீட்டுக்கு வந்து படு, மழை வலுக்கும்போல இருக்கு," என்றாள்.

அவன் திரும்பவில்லை. "படகுக்குக் காவல் வேணும்."

"இதை யாரு தூக்கிட்டுப் போவா? அடியில ஓட்டை."

"ஓட்டைக்குத்தான் காவல்."

அந்தக் குரலில் இப்போது சண்டை இல்லை. அவள் கடைப்பரணில் தனியே படுத்து, ஒலிபெருக்கிக் கடலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முத்திருளன் மரகதத்தோடு சண்டையிடத்தான் விரும்புகிறான், உடனிருக்க அல்ல என்று தோன்றியது. அது மரகதத்தின் கவலை என்று ஒதுக்கப் பார்த்தாள், இயலவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அவள் ஒரு சோதனை செய்தாள். "சிங்காரி, உடுமலைக்குக் கடைசி பஸ் எப்போ?" என்று கேட்டாள். சிங்காரியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "நெத்திலி இன்னிக்குப் பொடியால்ல வந்திருக்கு," என்று தொடர்ந்தாள். பர்வீன் சொன்னது சரிதான். சொல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

பிறகு படகுத்துறைக்குப் போனாள். அவன் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை.

"கண்ணாஸ்பத்திரியில இன்னும் அதே ரூம்தானா?" என்று கேட்டாள்.

இழைப்புளி பலகையின்மேல் ஓடியது. சுருள் சுருளாக மரச்சீவல் விழுந்தது. அவன் நிமிரவில்லை.

எதிரே இருந்த கட்டைமேல் உட்கார்ந்தாள். உறங்குகிறவர்களிடமும் மயங்கிக் கிடப்பவர்களிடமும் பேசுவதுபோல், மரகதத்தின் குரலை இறக்கிவைத்துவிட்டுத் தன் குரலில் பேசினாள்.

"கவுன்சிலிங் ரூம்ல அந்தம்மா கேட்டாங்கல்ல, சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்கான்னு. காந்திபுரத்துலேருந்து பஸ்ல வந்த வழியெல்லாம் நான் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன். 'இருக்கு'. அவ்வளவுதான். நீங்க முந்திக்கிட்டீங்க. 'அவங்க என்ன முடிவு பண்ணினாலும் எனக்குச் சம்மதம்'னீங்க. எவ்வளவு மரியாதையான பதில். அதுக்கு மேல நான் இருக்குன்னு சொன்னா, உங்களைக் கட்டிப்போடற மாதிரி ஆயிருமேன்னு 'எனக்கும் அப்படித்தான்'னு சொல்லிட்டேன். இருதரப்பும் சம்மதம்னு அந்தம்மா எழுதினாங்க. நாம ரெண்டு பேரும் அவங்களுக்கு நன்றி சொல்லிட்டு வந்தோம்."

இழைப்புளி போய் வந்தது.

"எனக்கு அந்தத் திரைச்சீலை பிடிக்கலை. நீங்க லேட்டா வந்தது எனக்குப் பரவாயில்லையா இல்லை. ஒரு நாளாவது நீங்க தட்டைத் தள்ளிவிட்டு, இதெல்லாம் ஒரு குழம்பான்னு கேட்டிருந்தா..." அவள் நிறுத்தினாள். "நேத்துக் கேட்டீங்க. நல்லா இருந்துது. இன்னிக்குச் சாயங்காலத்தோட இது முடியுது, குணா. வெளிய வந்து உங்ககிட்ட இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால இங்கயே சொல்லிட்டேன்."

அவன் அதே இடத்தை மறுபடி மறுபடி இழைத்தான். பிறகு அவன், "தண்ணி கொண்டா," என்றான்.

கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கையில் பலகை கண்ணில் பட்டது. ஒரு பக்கம் விரலளவு தடித்தும் மறுபக்கம் காகிதம்போல் தேய்ந்தும் இருந்தது. படகுக்கு ஆகாது. முத்திருளன் தேர்ந்த ஆசாரி அல்லன் என்று முடிவு செய்துகொண்டாள்.

மாலையில் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஆலையின் பழைய தீயணைப்புக் குளம்தான் துறை. ஓட்டை அடைத்த படகு ஒரு பக்கம் சாய்ந்தபடி மிதந்ததும் துறையே ஆர்ப்பரித்தது. முகப்பு விளக்குக்குக் கண்ணாடி பொருத்த வேண்டியிருந்தது. முத்திருளன் இரண்டு சில்லுகளை எடுத்துவந்து, மேற்கு வெளிச்சத்துக்கு எதிரே மரகதத்தின் கண்ணெதிரில் ஒன்றைப் பிடித்தான். பிறகு அதை எடுத்துவிட்டு மற்றதைப் பிடித்தான்.

"முதல்ல காட்டினதா, இப்பக் காட்டறதா?" என்றான். "எதுல தெளிவாத் தெரியுது? அவசரமில்லை. மறுபடியும் காட்டறேன்."

துறைமுகக் குரல் அன்று அது. குளிர்பதன அறையில், வரும் ஒவ்வொருவரிடமும் அதே தாழ்ந்த தொனியில், அதே நிறுத்தத்தோடு அவன் கேட்கும் கேள்வி. சொல்லி முடித்ததும் அவன் கை கண்ணாடியோடு காற்றில் நின்றுவிட்டது. அவள் அவன் காதைப் பார்த்தாள். பச்சைப் பொட்டின் விளிம்பில், வியர்வையில் சுருண்டு, வெள்ளைப் பிளாஸ்திரி ஒரு நூலளவு தெரிந்தது.

நண்பகலில் அவள் சொன்னவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தேய்ந்துபோன பலகையும் வந்தது.

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். சிங்காரி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வான்மதியின் கையும் காதுக்குப் போகவில்லை, அவன் கையும் போகவில்லை.

"சரியாத் தெரியலைய்யா," என்றாள் மரகதம். "இன்னொரு தடவை காட்டு."

அவன் காட்டினான். அப்போது ஆலைச் சங்கு ஊதியது, விளையாட்டு முடிந்தது.

தனியறையில் அவள் உடைமாற்றிப் பொட்டைக் கழற்றிக் கொடுத்தாள். வெளியேறுகிறவர்கள் தங்கள் பெயரை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். அவள் சொன்னாள்.

"உள்ள நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்குங்களா?" என்று பர்வீன் கேட்டாள்.

"இல்லை."

பர்வீன் பொட்டைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நகத்தால் உரித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். "வழக்கமா ஒருத்தருக்கொருத்தர் கால் மணி இடைவெளி விடுவேன். கடைசி விளையாட்டுத்தானுங்களே, இன்னிக்கு அந்த முறையெல்லாம் பாக்கலை. பஸ் ஸ்டாப்புக்கு இப்பவே போலாம்."

பேருந்து நிறுத்தத்தின் சிமெண்ட் பெஞ்சில், ஓர் ஓரமாக, சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டு அவன் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"வணக்கம். நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன். நீங்க?"

"நல்லா இருக்கேன்."

கைக்குட்டையை எடுத்து அவளுக்காகப் பெஞ்சின் மறுகோடியைத் துடைத்தான். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒரு கீறல் இல்லை, குரலில் ஒரு பிசிறு இல்லை. இவ்வளவு பிசகாமல் வேடத்தில் நிற்க அவனுக்கு எந்தப் பொட்டும் தேவைப்பட்டதில்லை. அவளுக்கும்தான். இப்போது "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்தால் போதும். எல்லாம் முறைப்படி முடிந்துவிடும்.

"யோவ்," என்றாள்.

கைக்குட்டை கீழே விழுந்தது.

"எப்போலேருந்து?"

அவன் குனிந்து எடுக்கவில்லை. "ஏழாந்துறைக் கல்யாணத்தன்னிக்கே. நீங்க மாலை போட்டப்போ நார் பட்டு என் பொட்டு கழண்டு விழுந்துருச்சு. நிமிர்ந்து பாத்தா நீங்க."

"காதைப் பிடிச்சுட்டு வெளிய வந்திருக்கலாமே."

"கை ரெண்டுலயும் மாலை இருந்துது."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள், துடைத்த கோடியில் அல்ல, நடுவில். "அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் பிளாஸ்திரி. எனக்கே தெரியாம எனக்குப் புருஷனா இருந்திருக்கீங்க."

"ஆமா," என்றான். வாகனம் ஒன்று கடந்து போயிற்று. "சொல்லிப் பாத்தேன். போன தடவை ஒரு நாள் முழுக்கச் சொன்னேன், கோர்ட்டுலேருந்து ஆரம்பிச்சு. உங்களுக்குப் பொட்டு இருந்துது. சொல்லி முடிச்சப்போ, உளுந்து விலை ஏறிப்போச்சுன்னீங்க. அதுலதான் கலங்கரை விளக்கத்துக்காரரு ஓடியாந்த அந்தச் சண்டை."

"வராம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். ஞாயித்துக்கிழமை வந்தா வீட்டுல தனியா உக்காரணுமேன்னு இருந்துது."

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவளும் அதற்காகத்தான் வந்து சேர்ந்தாள். ஆனால் இன்னொன்று அவளுக்குள் மெல்ல இடம் பிடித்துக்கொண்டிருந்தது: கட்டைகளின்மேல் நின்ற படகு; அடியிலிருந்து நீண்ட கால்கள்.

"அதான் படகுக்கடியில படுத்தீங்களா?"

அவன் சாலையைப் பார்த்தான். "நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்படி இருக்கறப்போ உள்ள வந்து படுக்கறது சரியில்லை."

"நேத்து மழையில கூப்பிட்டப்போ எனக்குத் தெரியும்."

"இன்னிக்கு மத்தியானம்தானே அது எனக்குத் தெரிஞ்சுது."

"ஒரு நல்ல பலகையைக் கெடுத்துட்டீங்க."

"ஆமா. நிறுத்தினா என் முகத்தைப் பாத்துருவீங்களேன்னு இழைச்சுக்கிட்டே இருந்தேன்."

பேருந்து வந்து நின்றது. அவன் விலகி, "நீங்க ஏறுங்க," என்றான். அவளும் பழக்கத்தில் விலகி, "இல்லை, நீங்க," என்றாள். இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்க, நடத்துநர் ஒரு கணம் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பேருந்து நகர்ந்தது.

"யோவ், வண்டியை நிறுத்துய்யா!"

பேருந்து நின்றது. எதிர்ச்சாரியில் வந்த லாரியும் எதற்கும் இருக்கட்டுமென்று நின்றது. வான்மதி முதலில் ஏறினாள். பின்னால் வந்தவனுக்குச் சன்னலோர இருக்கையைத் தராமல் தானே உட்கார்ந்துகொண்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வண்டி காற்றாலைகளைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அவன் சொன்னான்: "ஒண்ணு மட்டும் உறுத்துது. ஊர் கேட்டதுக்கு ஏதாவது சொல்லணுமேன்னு, குறட்டைன்னு நீங்க துரத்திட்டதா நான்தான் கிளப்பிவிட்டேன். உங்க பேருல ஒரு பொய்."

"பொய் இல்லை."

அவன் திரும்பினான்.

"ஒன்பது வருஷமும் விட்டீங்க," என்றாள். "அடைப்பு விழுந்த பம்பு மாதிரி."

"சொல்லவே இல்லையே நீ."

"எப்படிச் சொல்றது?"

அவன் சிரிக்கவில்லை. முகப்பு விளக்கின் கண்ணாடியைப் பிடித்துக் கேட்டபோது பார்த்ததுபோல் அவளைப் பார்த்தான். "இன்னும் என்னென்ன சொல்லல?"

உடுமலைக்கு இன்னும் நெடுந்தூரம் இருந்தது. கட்டத் தொடங்கியிருந்த தொண்டையை அவள் செருமிச் சரிசெய்துகொண்டு, திரைச்சீலையிலிருந்து தொடங்கினாள்.